நடுப்பலகை

செந்தில்நாதனுக்குப் படகு செய்யும் எண்ணம் இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்து வெள்ளத்தில் வந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நெய்வேலியிலேயே தங்கிவிட்டவர் அவர். மைன்ஸில் டிராயிங் செக்‌ஷனில் வேலை. தண்ணீருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நீச்சல்கூடத் தெரியாது. அந்த வருஷம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு லாரியில் போனவர், கழுத்தளவு தண்ணீருக்கு அந்தப் பக்கம் மொட்டை மாடிகளில் ஜனங்கள் நிற்பதைப் பார்த்தார். இந்தப் பக்கம் லாரியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. படகு கடலூரில் இருந்தது. அதைக் கொண்டுவர லாரி வேண்டும், லாரி வர ரோடு வேண்டும்.

தெருவுக்கு ஒரு படகு இருந்தால் என்ன என்று அன்றைக்கு நினைத்தார். வருஷத்தில் இரண்டு மூன்று நாள் தேவைப்படுகிற படகை மிச்ச நாளெல்லாம் எங்கே போட்டுவைப்பது? மடித்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி மடித்துப் பார்க்க ஆரம்பித்தார். குவார்ட்டர்ஸ் கூடமெல்லாம் அட்டைப் படகு கிடந்தது. அவர் மனைவி கமலா பெருக்கும்போது அவற்றை எடுத்து ஜன்னலில் வரிசையாக வைப்பாள்.

அட்டை ஒட்டுப்பலகையாக மாற வருஷங்கள் ஆயின. கடைசியில் வந்த படகு எளிமையாக இருந்தது. நான்கு நீளப் பலகைகள். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே கீலாக, லாரித் தார்ப்பாயை வார் வாராக வெட்டிப் பசை போட்டு ஒட்டி, ஓரமெல்லாம் ஆணி அடித்திருந்தார். மடித்தால் கதவு மாதிரி தட்டையாகிவிடும். அடியில் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் இழுத்தால் வாய் திறக்கும். திறந்த வாய் மூடாமல் இருக்க முன்னாலும் பின்னாலும் சின்னக் குறுக்குப் பலகைகள், நடுவில் அகலமாக ஒரு பெரிய பலகை. பார்க்கிறவர்களுக்கு அது உட்காருகிற இடம். ஆனால் படகின் உயிரே அதில்தான் இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நடுப்பலகைதான் அதைத் தாங்கி நிற்கும்.

இந்த வேலையில் அவரோடு கூடவே இருந்தவர் குமரவேல். மைன்ஸில் மண் வெட்டுகிற பக்கெட் வீல் மெஷின் ஓட்டுகிறவர், பெர்மனென்ட். குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே பரவனாற்றை ஒட்டிய ஊர்க்காரர். குவார்ட்டர்ஸ் கிடைத்தும் வேண்டாமென்று, சொந்த வீட்டிலிருந்தே பைக்கில் ஷிப்டுக்கு வந்துபோவார். ஆற்றில் நீந்தி வளர்ந்த ஆள். வாலாஜா ஏரியில் முதல் படகு நீர் குடித்து முழுகியபோது, முங்கி அதை இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டவர் அவர்தான். இரண்டாவது மூன்றாவது படகுக்கும் அவரே ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டார். செந்தில்நாதன் கரையிலேயே நின்று, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கத்திக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் நடுப்பலகையை இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முறுக்க வேண்டியிருந்தது. குமரவேலுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறபோது எவன் நின்று நட்டு முறுக்கிக்கொண்டிருப்பான், டக்கென்று மாட்டி டக்கென்று கழற்றுகிற மாதிரி வையுங்கள் என்றார். செந்தில்நாதனுக்கும் அது நியாயமாகப் பட்டது. போல்ட்டை எடுத்துவிட்டு, பலகை மேலிருந்து இறங்கி உட்காருகிற மாதிரி இரண்டு கொக்கி வைத்தார். ஒரு கையால் தூக்கினால் வந்துவிடும். அன்றைக்கு ஏரிக்கரையில் படகை விரித்து மூடி விரித்து மூடி, சின்னப் பிள்ளைகள் மாதிரி இருவரும் சிரித்தார்கள்.

குமரவேலின் மனைவி வளர்மதியும் மகள் சத்யப்பிரியாவும் அன்று எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வளர்மதி படகைப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, வூட்டுக் கதவக் கழட்டியாந்து தண்ணியில போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். கணவன் அண்ணா என்று கூப்பிடுகிறவரை அவள் மாமா என்றே கூப்பிடுவாள். முதலில் ஏற மாட்டேன் என்றவள், ஏறி உட்கார்ந்த பிறகு இறங்க மாட்டேன் என்றாள். சாயங்காலம் வரை மகளும் அவளும் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் பரவி, தாழ்வான ஊர்களில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் ஒன்றிரண்டு பேர் படகு செய்து வாங்கிப்போனார்கள். அடுத்த பிளாக்கில் இருக்கும் அருண்பிரசாத்தும் தன் மாமனார் வீட்டுக்கென்று ஒன்று வாங்கினார். டவுன்ஷிப்பில் செந்தில்நாதனுக்கு 'படகுக்காரர்' என்று பெயர் வந்தது.

அந்தக் கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்த அன்றே, குமரவேல் ஒரு படகை பைக்கின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். தெருவில் வயசானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தேவைப்படும் என்றார். ராத்திரி முழுக்க மழை கொட்டியது. விடிந்தபோது தெருவில் இடுப்பளவுத் தண்ணீர்.

தண்ணீர் வீட்டு வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வளர்மதிக்கு அடிவயிற்றில் வலி வந்தது. முதல் நாளே லேசாக வலித்திருக்கிறது, சொல்லவில்லை. இப்போது வாந்தியும் சேர்ந்து, சுருண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். மெயின் ரோடு வரைக்கும்தான் வர முடியும், அதுவரை எப்படியாவது கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். குமரவேல் வாசலில் படகை விரித்தார். அவளைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். அவளால் உட்கார முடியவில்லை, படுக்க வைத்தார்கள். மகள் பின்பக்கம் ஏறி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குமரவேல் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் நடந்து இழுத்தார்.

தெருவைத் தாண்டும் வரை ஒன்றும் ஆகவில்லை. மெயின் ரோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு கல்வெர்ட். அங்கே வயல் தண்ணீரெல்லாம் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. அந்த வேகம் படகின் பக்கத்தில் மோதியதும் இரண்டு பக்கமும் உள்ளே மடங்கி, வாய் மூடிக்கொண்டது. சத்யப்பிரியா வெளியே தூக்கி வீசப்பட்டு ஒரு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் நின்றிருந்தவர்கள் அவளை இழுத்துப் போட்டார்கள். வளர்மதி படகோடு போய்விட்டாள். குமரவேல் முங்கி முங்கித் தேடினார். மறுநாள் தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு, ஒரு கரும்புத் தோட்டத்தின் வரப்பில் கிடைத்தாள்.

செந்தில்நாதனும் கமலாவும் சாவுக்குப் போனபோது குமரவேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படகு வாயை மூடிக்கொண்டதாம், அதுதான் ஆளைக் கொன்றதாம் என்று பந்தலில் யாரோ சொன்னது செந்தில்நாதன் காதில் விழுந்தது. ஒட்டு விட்டுவிட்டதா, கீல் கிழிந்துவிட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் முள்வேலியில் மாட்டிக் கிடந்த படகைக் காட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிப் பார்த்தார். கீல் எல்லாம் நன்றாக இருந்தது. முன்பலகையும் பின்பலகையும் இடத்தில் இருந்தன. நடுப்பலகையைக் காணோம். கொக்கி உடையவும் இல்லை, வளையவும் இல்லை. வெள்ளம் அதை மேல்நோக்கித் தூக்கியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தார்.

கருமாதிக்குப் போனபோது அந்தப் பலகையைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே, இரண்டு செங்கல்லின் மேல் அது படுத்திருந்தது. அதன் மேல் வளர்மதியின் படம், மாலை, விளக்கு. இரண்டு முனையிலும் கொக்கி மாட்டுகிற வெட்டு தெரிந்தது, அவர் கையால் அறுத்த வெட்டு. பலகையில் சேறு படிந்த அடையாளமே இல்லை. அது படகோடு போகவேயில்லை. ஏற்றும்போதே கழற்றி வீட்டில் வைத்துவிட்டிருக்கிறார்கள், அவளைப் படுக்க வைக்க.

செந்தில்நாதன் நிமிர்ந்தபோது குமரவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலை போட்டார்கள். செந்தில்நாதன் சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

குமரவேல் லீவு முடிந்து டூட்டிக்கு வந்தார். வந்ததும், அந்தப் படகு வீணாய்ப்போன படகு, அதை நம்பிக் கெட்டேன் என்று கேன்டீனில் நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தப் பேச்சு பிளாக் பிளாக்காகப் போனது. அருண்பிரசாத் ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வாங்கிய படகைக் கொண்டுவந்து காம்பவுண்டு சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் திருப்பிக் கொடுத்தார்கள். பால் பூத்தில் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கமலா சொன்னாள்.

அன்றுதான் செந்தில்நாதன் அவளிடம் பலகையைப் பற்றிச் சொன்னார். கமலா கேட்டாள்.

"அப்ப உங்க மேல தப்பில்லைல்ல? போய்ச் சொல்ல வேண்டியதுதான?"

"கழட்டுற மாதிரி வச்சது நான்தான கமலா."

"கழட்டச் சொல்லி நீங்களா சொன்னீங்க? அவுக எடுத்துட்டு உங்களப் பேசுறாக. கேட்டுட்டு உட்காந்திருக்கீங்க."

"பொண்டாட்டிய நீயேதான் கொன்னேன்னு போய்ச் சொல்லணுமா?"

கமலா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆனால் அவளுக்கு ஆறவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் ஆறவில்லை. ராத்திரியில் படுத்தால் அந்தக் கொக்கிதான் கண்ணுக்குள் வந்தது. போல்ட்டாகவே விட்டிருந்தால் அந்த அவசரத்தில் யாரும் கழற்றியிருக்க முடியாது. ஒரு ஸ்பானர் தேட வேண்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இதைக் குமரவேலிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பழி போட அல்ல. தன் பங்கைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான்.

முதல் ஷிப்டு விடுகிற நேரத்தில் மைன்ஸ் வண்டி ஸ்டாண்டில் போய் நின்றார். குமரவேல் வந்தார். இவரைப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போகாமல் நேரே வந்து, வண்டியில் ஏறுங்கண்ணா என்று மெல்லச் சொன்னார். டவுன்ஷிப்பைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத முந்திரித் தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். செந்தில்நாதன் சொல்ல வந்ததைச் சொன்னார், கொக்கியைப் பற்றி. குமரவேல் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பலகைய நான் எடுக்கலண்ணா" என்றார். "பாப்பாதான் எடுத்துச்சு. அம்மா படுக்கட்டும்னு. நான் கயித்தக் கட்டிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தப்ப பலக உள்ள கெடக்குது."

குமரவேலே தொடர்ந்தார்.

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பாத்துகினேதான் இழுத்துகினு போனேன். கொஞ்ச தூரம்தான, தாங்கும்னு நெனச்சேன். அவ அலறிகினு இருந்தா."

அவர் அழவில்லை. தோப்பையே பார்த்துக்கொண்டு பேசினார். மகள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஸ்கூலுக்குப் போவதில்லை என்றார். பலகையை எடுத்ததால்தானா என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். அந்த நிமிஷம் அவர் வாயில் வந்தது, இல்லை, படகு சரியில்லை என்பதுதான். அதைச் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அவளிடம் சொன்னால் போதாது, ஊரெல்லாம் அதையே சொன்னால்தான் அவள் நம்புவாள் என்று தோன்றியிருக்கிறது. அதனால்தான் கேன்டீனில் அப்படிப் பேசினாராம். அம்மாவின் படத்தை அந்தப் பலகைமேல் வைத்ததும் அவள்தான். எடுத்துவிடச் சொன்னால் ஏன் என்று கேட்பாள் என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டார்.

"உங்க பேரக் கெடுத்துட்டேன். தெரிஞ்சேதான் பண்ணேன். ஆனா அது பதினாறு வயசுப் புள்ளண்ணா. மிச்ச காலத்துக்கும் அது இருந்தாவணும்."

செந்தில்நாதன் அவர் தோளில் கை வைத்தார். சொல்லு, இன்னும் நல்லா நாலு பேர்கிட்டச் சொல்லு என்றார். இனிமேல் பொது இடத்தில் பேசிக்கொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு முன்னாலேயே அவரை இறக்கிவிட்டு, குமரவேல் தனியாகப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்யப்பிரியா தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாது என்றாள். பாதியாக இளைத்திருந்தாள். கமலா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செந்தில்நாதனைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"பெரியப்பா, நான் பலகைய எடுத்தேன். அதனாலதான் மூடிகிச்சா? அப்பா இல்லைன்னு சொல்றாரு. செஞ்சது நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பதிலும் தயாராக இருந்தது. ஆனாலும் அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் எழவில்லை. அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அருண்பிரசாத் திருப்பித் தந்த படகு அங்கே சாய்ந்திருந்தது. கீலின் ஓரத்தில் வெயிலில் நைந்த ஒரு இடத்தை நகத்தால் கீறித் துணியைத் தூக்கிக் காட்டினார்.

"இது பசைம்மா. நல்ல பசை இல்ல. தண்ணியில ஊறுனா விட்டுரும். அன்னைக்கு அதான் விட்டுருச்சு."

"பலக இருந்திருந்தா?"

"இருந்தாலும் மூடித்தான் இருக்கும். அது சும்மா உக்கார்றதுக்கு."

அவள் அந்த நைந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நம்ப வேண்டுமே என்று அவர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். இத்தனை வருஷம் வரைந்து, அறுத்து, ஏரியில் போட்டுப் பார்த்துச் சேர்த்த தன் அறிவையெல்லாம் ஒரு பொய்க்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அப்போது அவருக்கு வரவில்லை. பிறகுதான் வந்தது.

"நல்ல பசை இல்லைன்னு தெரிஞ்சும் எங்களுக்கு ஏன் குடுத்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

"தப்புதாம்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"எங்கம்மா உங்கள மாமா மாமான்னு கூப்டுகினு இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது குரல் உடைந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா செத்ததிலிருந்து அவள் அழவேயில்லை என்று குமரவேல் சொல்லியிருந்தார். செந்தில்நாதன் கிட்டே போகவில்லை. போகக்கூடாது என்று இருந்தது. கமலாதான் சமையலறையிலிருந்து வந்து அவள் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் கமலா. புருஷனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள்.

அழுது முடித்து எழுந்தவள், கமலா கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் வாசலில் இறங்கினாள்.

"பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க" என்றாள் கமலா.

அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளியே அவள் பின்னால் நடந்தார். அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை. வேகமாக, கோபமாக நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் குறிஞ்சிப்பாடி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்புகிற வரை எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாளில் குமரவேல் போன் செய்தார். உங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள் என்றார். "ஆனா சாப்புடுதுண்ணா. நேத்து தானே போட்டுத் துன்னுது." செந்தில்நாதன் சரி என்றார். போனை வைத்தார்கள். அதற்குப் பிறகு குமரவேல் கூப்பிடவில்லை.

சத்யப்பிரியா மறுபடி ஸ்கூலுக்குப் போனாள் என்று வேறு ஆட்கள் மூலம் தெரிந்துகொண்டார். மெயின் பஜாரில் ஒருமுறை எதிரே வந்தாள், கூட இரண்டு தோழிகள். இவரைக் கண்டதும் முகம் இறுகிப்போய், ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதைக் கமலாவிடம் வந்து சொன்னார்.

படகின் தவறு என்னவென்று இப்போது அவருக்குத் திட்டமாகத் தெரியும். நடுப்பலகையைக் கீல் வைத்து உள்பக்கத்தோடு பிணைத்துவிட்டால் போதும். விரிக்கும்போது தானே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், யாரும் கழற்றி வெளியே எடுக்க முடியாது. ஆபீஸில் ஒரு மதியம் அதை வரைந்தும் பார்த்தார். நன்றாக வந்தது. இதுவரை வரைந்ததிலேயே நல்ல படகு அதுதான். ஆனால் அதைச் செய்து வெளியே கொண்டுவந்தால், பலகையை மட்டும் ஏன் மாற்றினார் என்று ஒருநாள் ஒரு பெண் கேட்பாள். வரைந்த தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வீட்டில் கிடந்த படகுகளைக் கீல் கீலாகப் பிரித்தார். பலகைகளைப் பக்கத்து பிளாக்கில் கோழி வளர்க்கிறவர் கூண்டுக்கென்று எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கார்த்திகையிலும் மழை பிடித்துக்கொண்டது. பரவனாற்றில் தண்ணீர் கூடுகிறது, கரையோர ஊர்க்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். ஒரு தெருவைக் காட்டினார்கள். வாழைமரத்தை வெட்டிக் கட்டி, அதன்மேல் ஒரு கிழவரை உட்கார வைத்து நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கிழவர் இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். செந்தில்நாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவர்கள் மேட்டில் ஏறுகிற வரை பார்த்தார். ஏறிவிட்டார்கள்.

கமலா வந்து டிவியை அணைத்தாள். சாப்பிட வாங்க என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் போகவில்லை; பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.